சிங்கப்பூரில் எங்கே சாப்பிடலாம்? ஊருக்கு வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

விமானச் சீட்டு எடுத்த கையோடு சொந்தக்காரர்கள் அனுப்பும் முதல் செய்தி, பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். வேலைக்குப் புதிதாக வந்து இறங்கும் தம்பிமார்களும் இரண்டாம் வாரத்தில் அதையேதான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். விலைகளெல்லாம் சிங்கப்பூர் டாலரில். இங்கே நாங்கள் அதை வெள்ளி என்போம்.

முதல் நாள். ஒரே ஒரு வேளைதான் வெளியே சாப்பிட நேரம் இருக்கிறது. எங்கே போகட்டும்?

தேக்கா. முடிந்தால் காலை 8 மணிக்குள்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது தேக்கா நிலையம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். 1915இல் சாலைக்கு அந்தப் பக்கம் தொடங்கிய சந்தை, 1982இல் இந்தக் கட்டடத்துக்கு மாறியது. பழைய பெயர் கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம் என்று பொருள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க மாட்டு வியாபாரம்தான். எங்கள் வீடுகளில் லிட்டில் இந்தியா என்று யாரும் சொல்வதில்லை. 'தேக்காவுக்குப் போயிட்டு வர்றேன்' என்றால் அந்த வட்டாரம் மொத்தமும் அதில் அடங்கிவிடும்.

முதலில் சந்தைக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். முருங்கைக்காயும் வாழையிலைக் கட்டும் சீனத்துக் கீரைகளும் அடுத்தடுத்து இருக்கும். மீன்காரரிடம் தமிழ்ப் பாட்டி ஒருவர் மலாயில் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால்தான் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று விளங்கும். காலையில் அப்பம், தோசை, பரோட்டா. இடியாப்பத்தைத் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். இங்கே அதற்குப் பெயர் புட்டு மாயம். மதியம் என்றால் பிரியாணி. அலாவுதீன் பிரியாணிக் கடையில் 12 மணிக்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். நாலு கடை தள்ளி நடந்தால் சீனர் கடையில் வாத்துச் சோறு. நீங்கள் பிரியாணியும் உடன் வந்தவர் வாத்துச் சோறுமாக ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்காகத்தான் முதல் வேளையை இங்கே வைக்கச் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் 'உணவங்காடி நிலையம்' என்கிறார்களே, அது என்ன? நல்ல ஹோட்டல்கள் இல்லையா?

நிறைய இருக்கின்றன. ஆனால் இந்த ஊரின் சமையல் அங்கே பிறந்ததில்லை, தெருவில் பிறந்தது. தள்ளுவண்டியிலும் தோளில் காவடியாகத் தூக்கிய கூடையிலும் விற்றவர்கள்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் அவர்களைக் கணக்கெடுத்து உரிமம் கொடுத்தது. 1971இலிருந்து 1986 வரை கூரையும் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள கட்டடங்களைக் கட்டி உள்ளே கொண்டுவந்து அமர்த்தியது. அவைதான் உணவங்காடி நிலையங்கள். தீவு முழுக்க இன்று 100க்கு மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கடையும் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்யும், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று. நம் ஊர் ஹோட்டலில் சுவர் நிறைய எழுதியிருப்பார்களே, அது இங்கே கிடையாது. ஒரு மனிதர் 30 வருடம் நூடுல்ஸ் மட்டுமே வதக்கியிருப்பார். பக்கத்துக் கடை அம்மா அத்தனை வருடமும் கஞ்சி மட்டுமே காய்ச்சியிருப்பார். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் நீங்கள் 5 வெள்ளி கொடுத்துச் சாப்பிடுகிறீர்கள். அதனால் யாராவது 'நல்ல இடம் சொல்லுங்கள்' என்றால் நான் இடத்தைச் சொல்வதில்லை, இடத்தோடு பண்டத்தையும் சேர்த்தே சொல்வேன்.

உள்ளே போனதும் எதுவும் புரியவில்லை. மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடக்கிறது, யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன செய்வது?

அந்த டிஷ்யூ பாக்கெட்டை நகர்த்தாதீர்கள். 'இந்த இடம் எனக்கு' என்று யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குடையோ தண்ணீர் புட்டியோ வைத்தாலும் அதே அர்த்தம்தான். இதற்கு 'சோப்' என்று பெயர். நீங்களும் முதலில் அப்படி இடம் பிடித்துவிட்டுப் பிறகு கடைகளைச் சுற்றி வாருங்கள். மேசைக்கு எண் இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சில கடைக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். சாப்பாட்டை ஒரு கடையில் வாங்கி, பானத்தைத் தனியாகப் பானக் கடையில் வாங்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு போய் அதற்குரிய அடுக்கில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். முதல் முறை எச்சரிப்பார்கள், அடுத்த முறை அபராதம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு இருக்கும். அதில் மற்றத் தட்டை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் கவனமாக இருப்பது சக மனிதருக்குச் செய்யும் மரியாதை.

கடைக்காரரை 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்று கூப்பிடலாம். தமிழ்க் கடை என்றால் அண்ணே, அக்கா போதும். கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். உள்ளூர் க்யூஆர் முறை பயணிகளுக்கு எல்லாக் கடையிலும் ஒத்துவராது.

வரிசை நீளமாக இருக்கும் கடைதான் நல்ல கடையா?

பெரும்பாலும் ஆமாம், ஆனால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சட்டைப்பையில் அலுவலக அட்டை தொங்குகிறவர்களும், வீட்டுச் செருப்போடு வந்த பெரியவர்களும் நின்றால் தயங்காமல் சேர்ந்துகொள்ளுங்கள். எல்லார் கையிலும் கேமரா என்றால் நேரத்தை யோசித்து முடிவெடுங்கள்.

நான் பார்ப்பது வேறொன்றையும். அடுப்புக்கு முன்னால் நிற்பவர் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகச் செய்கிறாரா, அல்லது ஒரே சட்டியில் பத்துப் பேருக்குப் போட்டு எடுக்கிறாரா? ஹொக்கியன் மீ, சார் குவே தியாவ் மாதிரி சட்டியில் வதக்கும் பண்டங்களுக்கு இதுதான் உயிர். சட்டி பழுக்கக் காய்ந்து, நூடுல்ஸ் அதன் மேல் ஒரு நொடி ஒட்டிக் கருகும்போது வரும் வாசனைக்குக் கான்டனீஸ் மொழியில் தனிப் பெயரே இருக்கிறது: வோக் ஹேய், சட்டியின் மூச்சு. மொத்தமாகப் போட்டால் அந்தச் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் வேகத் தொடங்கிவிடும். பழைய விமான நிலையச் சாலை உணவங்காடிக்கு ஒரு மாலை போய் ஹொக்கியன் மீ கடை முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். டக்கோட்டா நிலையத்திலிருந்து நடந்து போகலாம். இறாலும் கணவாயும் போட்ட சாற்றை ஊற்றி, மூடி, நூடுல்ஸ் அதைக் குடிக்கும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத் தவறவிட்ட கடைகளில் நானே சாப்பிட்டிருக்கிறேன், தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

சிக்கன் ரைஸ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பிட்டேன். வெறும் வெந்த கோழியும் சோறும்தானே?

இந்தக் கேள்வியை எங்கள் சித்தப்பா கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் கோழியை மறந்துவிட்டுச் சோற்றை மட்டும் ஒரு வாய் சாப்பிடுங்கள். அரிசியைக் கோழிக் கொழுப்பில் பூண்டும் இஞ்சியும் போட்டு வதக்கி, கோழி வெந்த சாற்றிலேயே ரம்பை இலையோடு வேகவைத்திருப்பார்கள். நெய்ச்சோற்றில் நெய் என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையை இங்கே கோழிக் கொழுப்பு செய்கிறது.

கோழியை முழுசாக, கொதிக்காத சூட்டில் மெதுவாக வேகவைத்து, எடுத்தவுடன் ஐஸ் தண்ணீரில் போடுவார்கள். தோல் சட்டென்று இறுகும், தோலுக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய பாகு உறையும். மசாலாவில் ஊறிய கோழிக்குப் பழகிய நாக்குக்கு முதலில் சப்பென்று தெரியலாம். கூடவே தரும் மிளகாய்ச் சட்னியில் எலுமிச்சையும் பூண்டும் தூக்கலாக இருக்கும், இஞ்சி விழுது தனியாக, கெட்டியான கறுப்பு சோயா தனியாக. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுச் சாப்பிடுங்கள். ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பக்குவம் இது, இங்கே வந்து இப்படி மாறியது.

எங்கே என்றால், மேக்ஸ்வெல் உணவங்காடி. தியான் தியான் கடை உலகப் புகழ் பெற்றது, அதற்கேற்ற வரிசையும் இருக்கும். வரிசை தாங்காது என்றால் அதே கூரையின் கீழே வேறு சிக்கன் ரைஸ் கடைகளும் உண்டு. சாப்பிட்டுவிட்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் சில நிமிடம் நடந்தால் ஸ்ரீ மாரியம்மன் கோவில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கியது, இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோவில். அதற்குச் சற்றுத் தள்ளி 1826இல் சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல். சைனாடவுன் என்கிறோம், நம் ஆட்கள் எத்தனை நாளாக அங்கே இருக்கிறார்கள் பாருங்கள்.

பரோட்டா நம் ஊரிலேயே கிடைக்கிறதே, அதை ஏன் சிங்கப்பூரில் போய்ச் சாப்பிட வேண்டும்?

இங்கே அது வேறு பிள்ளையாக வளர்ந்துவிட்டது. நம் ஊரில் மாவைச் சுருட்டி, அடுக்கடுக்காகப் பிரியும்படி தட்டுவோம். இங்கே மாவைக் காற்றில் வீசி மெல்லிய துணிபோல விரித்து, நாலா பக்கமும் மடித்துக் கல்லில் போடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று. ரொட்டி பிராத்தா என்று பெயர், மலேசியப் பக்கம் ரொட்டி சானாய். கேட்கும்போது 'ரெண்டு கோசோங், ஒரு முட்டை' என்று சொல்லுங்கள். கோசோங் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காதது. தொட்டுக்கொள்ள மீன் குழம்போ பருப்போ வரும். குழந்தைகளுக்குச் சீனி தொட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம், நானும் அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஜாலான் காயு பக்கம் இதற்கென்றே பெயர் பெற்றது. ஜூ சியாட் சாலை வட்டாரத்துக் காப்பிக் கடைகளிலும் நன்றாகக் கிடைக்கும், காலையில் போங்கள்.

ஆனால் பரோட்டாவோடு நிறுத்திவிடாதீர்கள். தென் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்கள் இந்த மண்ணில் உண்டாக்கிய பண்டங்கள் சில உண்டு, அவை தமிழ்நாட்டிலேயே கிடைக்காது. இதை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் உங்களிடம் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

மீ கோரெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனரின் மஞ்சள் நூடுல்ஸ், மலாய்ப் பெயர், வதக்குவது தமிழர். மிளகாய் விழுது, தக்காளி, முட்டை, வெந்த உருளைக்கிழங்கு போட்டுச் சிவக்கச் சிவக்க வதக்கி, பக்கத்தில் வெள்ளரிக்காய் வைத்துத் தருவார்கள். இந்திய ரோஜாக் இன்னொன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, மாவில் தோய்த்துப் பொரித்த இறால், உருளைக்கிழங்கு, முட்டை, டோஃபு எல்லாம் அடுக்கியிருக்கும். வேண்டியதைக் காட்டினால் வெட்டி, சூடாக்கித் தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலையும் சேர்த்துக் கெட்டியாக்கிய உறைப்பும் இனிப்புமான குழம்பு. சீனரின் ரோஜாக் வேறு. அது பழமும் காயும் இறால் விழுதில் பிரட்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அப்புறம் சூப் துலாங். மலாயில் துலாங் என்றால் எலும்பு. ஆட்டின் மஜ்ஜை எலும்புகளைக் கண்ணைப் பறிக்கும் சிவப்புக் குழம்பில் ஊறவைத்துத் தட்டு நிறையக் குவித்துத் தருவார்கள். எலும்பைத் தட்டி மஜ்ஜையை எடுக்க வேண்டும், உறிஞ்ச ஸ்ட்ராவும் தருவார்கள். மிச்சக் குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள். கை, வாய், சட்டை எல்லாம் சிவக்கும், வெள்ளைச் சட்டையோடு போகாதீர்கள். பீச் சாலை கோல்டன் மைல் உணவங்காடி இதற்குப் பேர்போனது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே ஜம் ஜம். 1908இலிருந்து முர்தபாக் போடுகிறார்கள். பரோட்டா மாவுக்குள் கறியும் முட்டையும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்டது. சின்ன அளவே இருவருக்குப் போதும்.

மீன் தலைக் கறி உண்மையில் இந்தியச் சாப்பாடா?

செய்தவர் மலையாளி, சாப்பிடச் சொல்லித் தூண்டியது சீனரின் ரசனை. 1949 வாக்கில் சோபியா சாலையில் கடை வைத்திருந்த எம்.ஜே. கோமஸ், மீன் தலையைச் சீன வாடிக்கையாளர்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்று கவனித்து, அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டார். நம் வீடுகளிலும் மீன் தலை குழம்பில் கிடக்கும், யாருக்கு என்று சண்டையும் நடக்கும். தலையையே தனிப் பண்டமாக, ஒரு சட்டி நிறையப் பரிமாறியதுதான் புதிது.

இன்று ரேஸ் கோர்ஸ் சாலைதான் அதற்கு இடம். முத்தூஸ் கறி 1969இல் தொடங்கியது, பனானா லீஃப் அப்போலோ 1974இல். வாழையிலையில் சோறு வைத்து, வெண்டைக்காயும் கத்திரிக்காயும் மிதக்கும் புளிக் குழம்பில் பெரிய சிவப்பு மீனின் தலையைக் கொண்டுவந்து வைப்பார்கள். முதலில் கன்னச் சதையை எடுங்கள், அதைவிட மென்மையான பாகம் வேறில்லை. நாலு பேராகப் போனால்தான் கட்டுப்படியாகும்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்லை. செலிகி சாலையில் ஆனந்த பவன் 1924இலும், சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இலும் தொடங்கியவை. அங்கே போனால் ஒரு கவலையும் இல்லை.

ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இட்லியோடு திரும்ப வேண்டாம் என்பது என் ஆசை. மிடில் சாலையில் ஃபார்ச்சூன் சென்டர் என்றொரு பழைய கட்டடம். உள்ளே பல சைவக் கடைகள், பெரும்பாலும் சீன பௌத்த முறைச் சமையல். சீன பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை, அதனால் விரத நாளில் வந்த பெரியவர்களையும் அழைத்துப் போகலாம். பக்கத்திலேயே வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும் குவான் யின் கோவிலும் அருகருகே இருக்கின்றன. குவான் யின்னைக் கும்பிட்டு வரும் சீனர்கள் அப்படியே கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். என் அம்மாவை முதல்முறை அங்கே அழைத்துப் போனபோது, சாப்பாட்டை மறந்து அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல உணவங்காடிகளில் காலை வேளையில் சைவ பீ ஹூன் கடை ஒன்றாவது இருக்கும். மெல்லிய அரிசிச் சேமியா, முட்டைக்கோஸ், சோயாத் தோலில் செய்த 'கறி'. மலிவு, வயிற்றுக்கும் இதம்.

கவனிக்க வேண்டியவை: லக்சா என்ற தேங்காய்ப் பால் நூடுல்ஸின் சாற்றில் காய்ந்த இறால் இருக்கும். 'வெறும் கீரைதானே' என்று வாங்கும் காங்கோங்கில் இறால் விழுது இருக்கும். சில கடைகளில் காய்கறி நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். காய் மட்டும் என்று சொன்னால் போதாது. 'வெஜிட்டேரியன், இறால் விழுது வேண்டாம், முட்டை வேண்டாம்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஹலால் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் கடையில் ஒட்டியிருக்கும். சான்றிதழ் வாங்காத முஸ்லிம் குடும்பக் கடைகளும் பல உண்டு, கேட்டுக்கொள்ளலாம். கேலாங் சிராய் சந்தையின் மேல்தளத்துக்குப் போனால் பெரும்பாலும் மலாய், இந்திய முஸ்லிம் கடைகள்தான். நாசி பாடாங் கடையில் இருபது வகைக் கறி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும், சோற்றின் மேல் எது வேண்டுமோ காட்டுங்கள். ரமலான் மாதத்தில் அந்த வட்டாரமே இரவுச் சந்தையாகிவிடும்.

காப்பி கேட்டால் கறுப்பாக, இனிப்பாக ஏதோ தருகிறார்கள். நம் காப்பி கிடைக்காதா?

தேக்காவில் ஃபில்டர் காப்பி கிடைக்கும். ஆனால் இங்கத்திய கோப்பிக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கருகல் மணம். நீண்ட துணிப் பையில் வடிகட்டித் தருவார்கள்.

'கோப்பி' என்றால் கெட்டிப் பாலோடு. 'கோப்பி ஓ' என்றால் பால் இல்லாமல், சீனி மட்டும். 'கோப்பி சி' என்றால் சுண்டக் காய்ச்சிய இனிப்பில்லாப் பாலும் சீனியும், நம் ஊர்க் காப்பிக்கு ஓரளவு பக்கத்தில் வருவது இதுதான். கடைசியில் 'கோசோங்' சேர்த்தால் சீனி கிடையாது. 'சியூ டாய்' என்றால் இனிப்பு குறைவு, 'காவ்' என்றால் திடம் அதிகம், 'பெங்' என்றால் ஐஸ். சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'கோப்பி சி கோசோங்' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேநீருக்கும் இதே கணக்குத்தான், கோப்பிக்குப் பதில் தே. தமிழ் முஸ்லிம் கடையில் இஞ்சி போட்ட தே ஹாலியா கேளுங்கள், மழை பெய்யும் சாயங்காலத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

கூடவே காயா தடவிய ரொட்டி. தேங்காய்ப் பால், முட்டை, சீனி, ரம்பை இலை சேர்த்துக் கிண்டியது காயா. அரை வேக்காட்டு முட்டையில் சோயாவும் வெள்ளை மிளகும் போட்டுக் கலக்கி அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

சில்லி க்ராப் சாப்பிட எவ்வளவு பணம் எடுத்து வைக்கணும்?

நிறைய. நண்டை எடைக்குத்தான் விலை சொல்வார்கள், கிலோ 100 வெள்ளியைச் சாதாரணமாகத் தொடும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே சேரும். உணவங்காடியில் இந்தக் கூடுதல் கட்டணங்கள் இல்லை, பலகையில் என்ன விலையோ அதுதான்.

ஒரு முறை ஊரிலிருந்து வந்தவர்களோடு போனபோது, எடை கேட்காமல் தலையாட்டிவிட்டேன். கணக்குச் சீட்டு வந்தபோது என் மாமாவின் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து, நண்டோ இறாலோ எதுவானாலும் 'கிலோ என்ன விலை, இது எத்தனை கிலோ, மொத்தம் எவ்வளவு வரும்' என்று சமைக்கப் போகும் முன் கேட்டுவிடுகிறேன்.

பண்டம் அருமையானது, அதில் சந்தேகமில்லை. 1950களில் கல்லாங் ஆற்றங்கரையில் செர் யாம் தியான் என்ற பெண்மணி தள்ளுவண்டியில் தொடங்கியது. தக்காளியும் மிளகாயும் முட்டையும் சேர்ந்த குழம்பு, பெயரில் இருக்கும் அளவு காரம் இல்லை. பொரித்த பன்னைத் தொட்டுச் சாப்பிட்டால் நண்டைவிடக் குழம்பே போதும் என்று தோன்றும்.

நாளுக்கு 20 வெள்ளிக்குள் சமாளிக்க முடியுமா?

முடியும். உணவங்காடியில் ஒரு வேளை பொதுவாக 4 முதல் 8 வெள்ளி. காலையில் பரோட்டா இரண்டும் ஒரு தேவும், மதியம் நூடுல்ஸ், இரவு 'எக்கானமி ரைஸ்'. கடைசியாகச் சொன்னது, சோற்றோடு இரண்டு மூன்று கறி காட்டி வாங்குவது. காய் மட்டும் எடுத்தால் விலை இறங்கும், மீனும் இறாலும் எடுத்தால் ஏறும்.

மிச்செலின் உணவு வழிகாட்டி நட்சத்திரம் கொடுத்த கடை?

க்ராஃபோர்ட் லேனில் ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா, பன்றி இறைச்சி நூடுல்ஸ். அது சாப்பிடுபவர் என்றால் போங்கள், காடி கலந்த அந்தச் சுவை வேறெங்கும் இல்லை. ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும். நட்சத்திரத்தை மட்டும் வைத்து வேறெங்கும் அலைய வேண்டாம்.

கத்தோங் லக்சா, லாவ் பா சாட் சாத்தே? இவற்றை விட்டுவிடலாமா?

லக்சாவை விடாதீர்கள். தேங்காய்ப் பால் குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ். கத்தோங் முறையில் நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள், கரண்டியாலேயே சாப்பிடலாம். குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தேயை, 1894இல் வார்ப்பிரும்பில் கட்டிய லாவ் பா சாட் என்ற எண்கோணச் சந்தையைப் பார்க்கப் போகும்போது சாப்பிடலாம். சாயங்காலம் பக்கத்துச் சாலையை மூடிக் கரி அடுப்பு வைப்பார்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்தப் புகைக்கு நடுவே உட்கார்வதில் ஒரு சுகம் உண்டு.

நீங்கள் சொன்ன கடையைத் தேடிப் போனேன். மூடியிருந்தது.

திங்கட்கிழமையா? பல கடைகளுக்கு அன்று விடுமுறை. சீனப் புத்தாண்டை ஒட்டிச் சில நாள் முக்கால்வாசிக் கடைகள் அடைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவிச் சுத்தம் செய்ய மொத்த நிலையத்தையும் மூடுவார்கள், அந்தத் தேதிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல கடை என்றால் மதியம் 2 மணிக்கே தீர்ந்தும் போயிருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கடைக்காரர்களில் பாதிப் பேர் 60 வயதை ஒட்டியவர்கள். விடிகாலை 4 மணிக்கு எழுந்து, சாறு காய்ச்சி, நாள் முழுக்கச் சூட்டில் நிற்கும் வேலை. படித்து முடித்த பிள்ளைகள் எடுத்துக்கொள்வது அபூர்வம், பெற்றோர்களுக்கும் அதில் விருப்பமில்லை.

எங்கள் பேட்டைச் சந்தையில் ஒரு மீ ரெபுஸ் கடை இருந்தது. மீ ரெபுஸ் என்றால் கெட்டியான சர்க்கரைவள்ளிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். வேலைக்குப் போகும் வழியில் 'பசியாறிட்டியா?' என்று அந்த அக்கா கேட்பார். இங்கே காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். இல்லை என்றால் பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிட்டு, காசை நாளைக்குத் தா என்பார். முழங்கால் முடியாமல் போய் ஒரு நாள் நிறுத்திவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஓர் இளம் தம்பதி மீ ரெபுஸ்தான் போடுகிறார்கள், அவரிடமே ஆறு மாதம் நின்று கற்றுக்கொண்டவர்கள். குழம்பு இன்னும் அந்தப் பதத்துக்கு வரவில்லை. சர்க்கரைவள்ளி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று போன வாரம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். 'அக்காவும் அதைத்தான் சொன்னாங்க' என்றாள். நாளைக் காலை மறுபடி போகிறேன்.